சர்வேயர் வீட்டு ஈயம்

ஈயம் உருகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். நெய்யைப் போல ஓரத்திலிருந்து மெல்லக் கரைவதில்லை. நெடுநேரம் ஒன்றுமே நடக்காது. இரும்புச் சட்டியில் போட்ட குண்டுகள் குண்டுகளாகவே கிடக்கும். அடுப்பு வீணாக எரிகிறதோ என்று நினைக்கும்போது அடியில் ஏதோ தளரும். மேலே இருப்பவை ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் அமிழும். கண் இமைப்பதற்குள் சட்டி நிறைய வெள்ளி போல் ஒரு முகம் தெரியும். அதுவும் நிலைக்காது. பாலில் ஆடை படிவதைப் போல அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு ஏடு படரும். அந்த ஏட்டைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி எடுத்து, கொட்டாங்குச்சியில் தட்டி, மறுபடி படர்வதற்காகக் காத்திருக்கும் ஒருவரின் கையை நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்திருக்கிறேன். அது எங்கள் சர்வேயரின் கை.

காஞ்சிபுரத்தில் நில அளவைப் பிரிவில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது அவர் அங்கே மூத்த சர்வேயர். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். என் தலைமுறையில் முதன்முதலாகத் தறியை விட்டு மேசைக்குப் போனவன். அவர் பள்ளிவாசலுக்குப் பின்புறத் தெருவில், நவாபு காலத்தில் ஆற்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் உருது பேசுவார்கள், எங்களைப் போன்றவர்கள் வந்தால் தமிழ். எதற்கும் நாள் குறித்து வைக்கும் என் பழக்கத்தைப் பார்த்து அவர் எனக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்தார். அலுவலகம் முழுவதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்தக் குறிப்பில் நான் ஆண்டுகளை எழுதவில்லை. அந்தக் குடும்பத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். திருவிழாக்களை மட்டும் அடையாளத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

அவர் வீட்டுக்கு நான் முதலில் போனது வைகாசிக் கருட சேவை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. ஊரின் பழைய பொருள்களைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதிவைக்கும் ஆசை எனக்கு அப்போதே உண்டு. அவரிடம் பழங்காலத்துக் குண்டு வார்க்கும் அச்சு ஒன்று இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். சர்வேயருக்குப் பொழுதுபோக்கே அதுதான், ஞாயிறானால் வீட்டில் குண்டு ஊற்றுவார் என்றும் சொன்னார்கள். நான் கேட்டதும் அவர் மறுக்கவில்லை.

"ஒருத்தன் தபால்தலை சேக்குறான், ஒருத்தன் மீன் தொட்டி வெச்சிக்கினு அதையே பாத்துக்கினு இருக்கான். நான் குண்டு ஊத்துறேன். வந்து பாருபா."

அச்சு பாக்குவெட்டியைப் போல இரண்டு கைகள் உள்ள இரும்புக் கருவி. அதை அவர்கள் சாஞ்சா என்பார்கள். கைகளைச் சேர்த்தால் முனையில் இரண்டு அரைக்கோளக் குழிகள் பொருந்தி ஓர் உருண்டைக் குழியாகும். மேலே ஈயம் ஊற்ற ஒரு சின்ன வாய். அடுப்பங்கரையிலேயே பம்ப் ஸ்டவ்வை வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் உட்கார்வார். காற்றடித்தால் சூடு ஒரே சீராக இருக்காதாம். கரண்டியில் மொண்டு ஒரே மூச்சில் ஊற்றுவார். பத்து எண்ணும் நேரத்தில் சாஞ்சாவைத் திறந்து தட்டினால், பழைய கம்பளித் துண்டின் மேல் ஒரு குண்டு விழுந்து உருளும். நடுவில் கோடு விழுந்த குண்டு அவருக்குப் பிடிக்காது. திரும்பச் சட்டிக்கே போகும்.

அவர் மனைவியை நான் அவர்கள் வீட்டு வழக்கப்படி பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். அடுப்பங்கரை வாசலில் முறத்தோடு நின்றுகொண்டு அவர் ஞாயிறுதோறும் இதே சண்டையைப் போடுவார்.

"அரிசி வெந்தாதான் சோறு. உங்க சட்டி எப்ப எறங்கும்?"

"ஈயத்த அவசரப்படுத்தக் கூடாது."

"என்னத்தான் அவசரப்படுத்தலாம்."

"பஞ்சாங்கம், இவ கேட்டத தேதி போட்டு எழுதிக்கோ."

"எழுதிக்கட்டும். எத்தினி வருஷமா எங்க வூட்ல ஞாயித்துக்கிழம சோறு மூணு மணிக்குன்னும் சேத்து எழுதிக்கட்டும்."

நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, அந்த வீட்டில் துப்பாக்கியே இல்லை. கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கிகள் மட்டும் வெறுமனே இருந்தன. இரண்டு, அவர் புதிதாக ஈயம் எதுவும் வாங்குவதில்லை. போன வாரம் வார்த்த குண்டுகளைத் தகர டப்பாவிலிருந்து சட்டியில் கொட்டி உருக்கினார். வார்த்து முடித்ததும் அவற்றைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். மறுவாரமும் அதே ஈயம், அதே குண்டுகள்.

இன்னொன்றும் இருந்தது. அதைக் கவனிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. அவரைவிட நான் பதினைந்து வயது சின்னவன். இந்த ஊரில் அப்படிப்பட்ட ஒருவனைத் தம்பி என்று கூப்பிடாமல் பேசவே முடியாது. அந்த வீட்டில் ஒருவர்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவராகத்தான் ஒருநாள் சொன்னார். ஏரிக்கரை ஓரம் ஒரு வயலை அளந்துகொண்டிருந்தோம். அவர் எந்த எல்லையையும் ஒரே முறை அளந்து முடிவு செய்ய மாட்டார். சங்கிலியை ஒருதரம் இழுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருதரம் இழுத்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் கல் நடச் சொல்வார். அன்றைக்கு இரண்டாவது தரம் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தபோது வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ரமலான் முடிவில் மேற்கே பிறை தெரிந்ததும் மொட்டை மாடியில் நின்று, துப்பாக்கிக் குழாயில் குண்டு போடாமல் வெடிமருந்தை மட்டும் அடைத்து, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தெருவுக்குப் பெருநாள். எங்கள் பாளையத்தில்கூட, தறியை நிறுத்திவிட்டு "பிறை தெரிஞ்சிடுச்சு" என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். அது முன்பக்கமாக மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி, உரிமம் உள்ளது. அவர்களுக்கு ஏரிக்கரையில் கொஞ்சம் வேர்க்கடலை நிலம் உண்டு. பெருநாளுக்கு முந்தைய நாள் விடிகாலையில், கடலையைத் தோண்டும் பன்றிகளுக்காகச் சர்வேயர் குண்டு போட்டுக் கெட்டித்துக்கொண்டு போயிருக்கிறார். பன்றி வரவில்லை. துப்பாக்கியை அப்படியே கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார்.

அந்த வகைத் துப்பாக்கியில் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கெட்டிக்கிற நீண்ட கோலை, அதற்குக் கஜக்கோல் என்று பெயர், குழாய்க்குள் விட்டுப் பார்க்க வேண்டும். வெறும் குழாய் என்றால் கோலில் உள்ள கோடுவரை இறங்கும். ஏதாவது இருந்தால் கோடு வெளியே நிற்கும். சாயங்காலம் பிறை தெரிந்ததும் கீழே தெருவில் கூச்சல். அவருடைய தம்பி தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று மேற்கே கையைக் காட்டினான். சர்வேயர் அவசரமாக மருந்தை அடைத்து, வானத்தைப் பார்த்து வெடித்தார். முன்பே உள்ளே இருந்த மருந்தும் குண்டும் சேர்ந்து வெடித்ததில் துப்பாக்கி கையில் துள்ளித் திரும்பியது.

"சங்கிலிய ரெண்டு தரம் போடுறவன்பா நான்," என்றார். "அன்னிக்கு கஜக்கோல ஒரு தரம் போட்டுப் பாக்கல."

எழுந்து போய்ச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தார்.

மிச்சத்தைப் பாபி சொல்லித்தான் நான் அறிந்தேன். குண்டு பாய்ந்து தம்பி அங்கேயே இறந்திருக்கிறான். விபத்து என்று வழக்கு முடிந்தது, துப்பாக்கி போனது, உரிமமும் போனது. ஈயத்தையும் சாஞ்சாவையும் யாரும் கேட்கவில்லை. அந்தக் குண்டோடு ஒரே நாளில், ஒரே பாளத்திலிருந்து வார்த்த மற்ற குண்டுகள் டப்பாவிலேயே கிடந்தன. தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை, குழந்தை இல்லை. நாற்பதாம் நாள் ஓதி முடித்ததும் தம்பியின் மனைவி ஐயம்பேட்டையில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். அவரை நான் பிற்பாடு சின்ன பாபி என்று கூப்பிட்டேன். கிளம்பும்போது வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"அந்த ஈயம் துளி இருக்கிற வரைக்கும் உங்க வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

கொண்டுபோய் ஏரியில் எறிந்துவிட்டால் முடிந்துபோகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒருநாள் கேட்டும்விட்டேன். அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பூமில போட்டது எங்கியும் போகாதுபா. பொதைஞ்சி போன எல்லைக் கல்லு எத்தினிய நான் தோண்டி எடுத்திருக்கேன். தண்ணில போட்டாலும் வலைல வரும். வூட்ல இல்லன்னா வேற எங்கியோ இருக்குதுன்னுதான அர்த்தம்? இல்லாமப் போவணும்." ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஏடு படிகிறது, ஏட்டை எடுத்து எறிந்தால் அந்த அளவுக்கு ஈயம் குறைகிறது. அப்படியே உருக்கி உருக்கி, ஒருநாள் சட்டியில் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு ஐயம்பேட்டைக்குப் போய்த் தம்பி மனைவியை அழைத்து வருவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஊர் பொழுதுபோக்கு என்று நினைத்தது இதைத்தான்.

அந்த ஏடும் ஈயத்தின் இன்னொரு வடிவம்தான், எறிந்த இடத்தில் அதுவும் மண்ணில்தான் கிடக்கும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தபோது பாபி வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பேச்சை மாற்றினேன்.

முதல் சில ஆண்டுகள் குண்டுகள் குறைந்துகொண்டேதான் வந்தன. கம்பளித் துண்டின் ஒரு ஓரம் காலியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்போது சர்வேயர் உற்சாகமாக இருப்பார். ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இது தீந்துதுன்னா நம்ம வேலயும் தீந்துதுபா. அப்புறம் அவன் இருக்கிற எடத்துக்கு நிம்மதியா போயிடலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலும் சோறு போட்டுக்கொண்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டியோடு நின்றிருந்த பாபி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம், சர்வேயர் இல்லாத நேரம் பார்த்து, பாபி அலுவலகத்துக்கு எதிரில் என்னைப் பிடித்தார்.

"பஞ்சாங்கம், உங்க பக்கம் பழைய தறில ஈயம் தொங்குமே, கெடைக்குமா?"

தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து இறங்கும் நூல்கள் விறைப்பாக நிற்க அடியில் சின்னக் கனங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இப்போது இரும்புக் கம்பிதான். முன்பு எங்கள் சுற்றத்தில் சிலர் ஈயத்தில் வைத்திருந்தார்கள். என் பெரியப்பா மகன் பரணில் அப்படி ஒரு சாக்குப்பை கிடந்தது. எடுத்துக்கொடுக்கும்போது அவன், "ஆபீசுல சம்பளம் பத்தலன்னு பழைய இரும்பு வியாபாரம் ஆரம்பிச்சிட்டியாடா?" என்றான். பாபிக்கு நான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன செய்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வாரநாள்களில் சர்வேயர் வெளியே அளக்கப் போயிருக்கும்போது, அதே அடுப்பில், அதே சாஞ்சாவில், அவர் தானே குண்டு வார்த்து டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரே அச்சில் பிறந்தவை. எது அந்தப் பாளத்து ஈயம், எது தறியில் தொங்கியது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

நான் எதிர்பார்க்காதது, அதைச் சர்வேயர் எடுத்துக்கொண்ட விதம். குண்டுகள் குறையவில்லை. வாரா வாரம் கொட்டாங்குச்சி நிறைய ஏடு எடுத்தும் கம்பளித் துண்டு நிறைந்தே இருந்தது. சர்வேயர் முதலில் ஸ்டவ்வைக் குறை சொன்னார். பிறகு கரண்டியை மாற்றினார். பிறகு ஞாயிறு போதாதென்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தும் உட்கார்ந்தார். அந்த ஆண்டுப் பங்குனி உத்திரத்தின்போது, ஏகாம்பரநாதர் கோயில் மேளம் தெரு தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போவ மாட்டேங்குறான்பா."

குண்டைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"எவ்ளோ எடுத்தாலும் போவ மாட்டேங்குறான். இன்னும் மனசு ஆறல அவனுக்கு."

இதை நான் பாபியிடம் சொன்னேன். தம்பிதான் ஈயத்தில் இருந்துகொண்டு விட மறுக்கிறான் என்று அவர் நம்புவதைச் சொன்னேன். பாபி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெனைச்சிக்கட்டும். பயந்துக்கினாவது இருக்கட்டும். ஆளு இருக்காரு இல்ல? அது தீந்தா இவரு போயிடுவாருபா. எனக்கு இவர தெரியும்." அவருடைய பயம் பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு சர்வேயர் அநேகமாக எல்லா நாளும் அடுப்படியிலேயே இருந்தார். பாபி வார்ப்பதற்குத் தனியாக நேரம் தேட வேண்டியிருந்தது. சர்வேயர் தொழுகைக்குப் போகும் நேரங்களில், கறி வாங்கப் போகும் நேரங்களில், எப்படியோ தேடிக்கொண்டார். சர்வேயருக்கு முதலில் வயிற்றில் ஓயாத பிடிப்பு வந்தது. பிறகு பசி போனது. பிறகு ஒருநாள் சாஞ்சாவைத் திறக்கும்போது கை நழுவி அது காலில் விழுந்தது. மணிக்கட்டு நிமிரவில்லை. இரண்டு கைகளும் முன்புறம் மடங்கித் தொங்கின. பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஈறுகளில் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா பேட்டரி கம்பெனில வேல செஞ்சீங்களா?" என்று கேட்டார். இல்லை, வீட்டில் ஈயம் உருக்குவார் என்று நான் சொன்னேன். எத்தனை வருடமாக என்று அவர் கேட்டார். சொன்னேன். மூடிய அறையில் அந்தப் புகையும் தூளும் உடம்பில் சேர்ந்துவிட்டன, நரம்பைத் தின்றுவிட்டன, இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார். பாபி என் பின்னால் நின்றிருந்தார். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பவோ தீந்திருக்கும். நாந்தான் ஊத்திக்கினே இருந்தேன். ஆளு இருக்கணும்னு ஊத்துனேன்பா, அதுவே அவர தின்னுடுச்சி."

மறுநாள் காலையில் பாபியும் நானும் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனோம். சின்ன பாபி, புடவை முந்தானைகளுக்குக் குச்சு கட்டிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். மடியில் ஓர் அரக்குப் பட்டு கிடந்தது. வாசலில் பாபியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கை மட்டும் நின்றது. பாபி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். உருக்கியது, குறைந்தது, தான் சேர்த்தது, கைகள் விழுந்தது. உருதுவில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். நானும் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

சின்ன பாபி பட்டு நூலை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"தீந்துபோச்சுன்னு ஒரு நாள் வந்து சொல்லியிருந்தா வந்திருப்பேனே, பாபி. நான் இன்னா டப்பாவ தெறந்தா பாக்கப் போறேன்? ஒரு பொய் சொல்றதுக்கா உங்க வூட்ல ஆளே இல்லாம போச்சி?"

"அவரு சொல்ல மாட்டாரு."

"அவரு சொல்ல மாட்டாரு, சரி. நீங்க?"

சின்ன பாபி முந்தானையை மடித்து வைத்தார். "இந்தக் குச்ச முடிச்சிட்டு வரேன். சாயந்தரம் பொண்ணு வூட்டுக்காரங்க வாங்க வருவாங்க" என்றார். சொன்னபடி அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுநாள் வந்தார்.

அவர் வந்தபோது நான் அங்கே இருந்தேன். வாசற்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நின்றார். கூடத்தில் கட்டிலில் சர்வேயர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து வாசல் நேராகத் தெரியும். யாரும் வா என்று சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சின்ன பாபி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க எதையும் சரியா சொல்றவருன்னு பாபி சொன்னாங்க. அந்த டப்பால இவங்க சேத்தது போவ, அந்தக் குண்டோட ஈயம் இன்னும் இருக்குதா?"

அந்த வீட்டு வாசலில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல்முறை. உள்ளே கட்டில் அசைந்த சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாபி என்னைப் பார்த்த பார்வை அதைத்தான் கேட்டது. ஆனால் நான் அந்தக் கணக்கை மனத்துக்குள் எத்தனையோ தரம் போட்டுப் பார்த்தவன். பழையதோடு புதியது கலந்த பிறகு, எடுக்கிற ஏட்டில் இரண்டுமே போகும். பழையது வரவரக் குறையும், ஆனால் முழுதாகத் தீராது.

"இருக்கும், சின்ன பாபி. துளியாவது இருக்கும்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நீங்களாவது பொய் சொல்லக் கூடாதா?" என்றார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"பாய், உங்க தம்பி ஒண்ணும் புடிச்சிக்கினு இல்ல. அவரு எப்பவோ போயிட்டாரு. இவங்கதான் உங்களுக்குத் தெரியாம குண்டு ஊத்தி ஊத்திப் போட்டுக்கினு இருந்தாங்க."

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன வரப்போகிறதோ என்று நான் பயந்தேன். அவர் சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க, கடைசியில் இருமல் வரும்வரை சிரித்தார்.

"சாஞ்சா புடிக்கத் தெரியுமா உனக்கு?" என்றார். "ஒண்ணுல கூட கோடு இல்லியேடி. நான் ஊத்துனதுன்னே நெனைச்சேன்."

பாபி தரையில் உட்கார்ந்து அழுதார். சின்ன பாபி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சர்வேயர் அதை வாங்கக் கைகளை நீட்டினார். இரண்டும் மடங்கித் தொங்கின. சின்ன பாபி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே சொம்பை அவர் உதட்டில் வைத்துப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவர் வாரம் தவறாமல் வந்துபோனார். ஈயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. டப்பா பரணுக்குப் போனது. அந்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்குவதற்குள் சர்வேயர் தூக்கத்திலேயே போய்விட்டார். பாபி பயந்த மாதிரியும் இல்லை, அவர் சொன்ன மாதிரியும் இல்லை. ஈயம் இருக்கும்போதே போனார்.

அவர் போன பிறகு நான் சில மாதங்கள் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையாக அந்த வழியே போனபோது அந்த வாசனை வந்தது. சூடேறிய இரும்பும், மண்ணெண்ணெயும், நாக்கில் ஒட்டும் ஒரு மெல்லிய இனிப்பும் சேர்ந்த வாசனை. மாதங்களைக் கணக்குப் பார்க்கிற என் மூளை ஒரு நிமிடம் வேலை செய்யவில்லை. அவர் உள்ளே இருக்கிறார் என்றே நம்பினேன். கதவு திறந்திருந்தது. அடுப்பங்கரை ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் உட்காரும் பலகையில் பாபி உட்கார்ந்து ஏட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"வா பஞ்சாங்கம்," என்றார் திரும்பாமலே. "ஒக்காரு. இன்னும் எறங்கல."

"பாபி, இது என்ன?"

"சும்மாதான். ஞாயித்துக்கிழம வேற இன்னா பண்றதுன்னு தெரியல." கரண்டியைக் கொட்டாங்குச்சியில் தட்டினார். "உருகும்போது மட்டும் அவரு பக்கத்துல இருக்காரு. ஆறுனா போயிடுறாரு."

அன்றைக்கே ஐயம்பேட்டைக்குப் போய்ச் சொன்னேன். சின்ன பாபி என்னோடு அடுத்த வண்டியிலேயே கிளம்பி வந்தார். ஆறிக் கிடந்த குண்டுகளை டப்பாவில் அள்ளினார். சாஞ்சாவை எடுத்தார். சட்டியைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் புடவைக் கடைப் பை ஒன்றில் போட்டு, பாரம் தாங்காது என்று இன்னொரு பையை வெளியே மாட்டினார்.

"எங்க எடுத்துக்கினு போற?" என்று பாபி எழுந்தார்.

"எங்க வூட்டுக்கு."

"உனக்கெதுக்கு அது? நீதான அத..."

"ஆமா, நாந்தான் சொன்னேன். இங்க இருந்தா நீங்க அடுப்புல வெப்பீங்க. உங்க கையும் உழுந்தா யாரு தண்ணி குடுக்குறது? ஞாயித்துக்கிழமன்னா இனிமே நீங்க அங்க வாங்க. குச்சு கட்டக் கத்துக் குடுக்குறேன்."

பாபி பையின் காதைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். இருவரும் சிறுபிள்ளைகளைப் போல அதை இழுத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கடைசியில் பாபிதான் விட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அவ்வளவு சின்னப் பைக்கு அது நியாயமில்லாத கனம். ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது டிரைவர் பையன் ஒரு கையால் அதை நகர்த்தப் பார்த்து முடியாமல் நிமிர்ந்தான்.

"இன்னாமா இது, பைக்குள்ள கல்லா வெச்சினுகிற? யாருது?"

சின்ன பாபி பையைத் தன் காலுக்கிடையில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுதுபா," என்றார். "வண்டிய எடு."